எடைமேடையும் நெட்வொர்க்கும்: சீரியல் டிவைஸ் சர்வரில் போர்ட் எண்களை ஒழுங்கு செய்யும் முறை

நெல் களத்தை விட்டு ஆலைக்கோ கிடங்குக்கோ செல்லும்போது, ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் எடைகாட்டியில் தோன்றும் ஓர் எண்ணில் வந்து அடங்குகிறது. அவ்வெண்ணில் அரைக் குவிண்டால் குறைந்தால் நஷ்டம் குடியானவருடையது. கூடினால் நஷ்டம் ஆலையையோ சங்கத்தையோ சேரும். முற்காலத்தில் எடை போடுபவர் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார். இப்பொழுது பல இடங்களில் அது கம்பி வழியே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சென்று, எடைச் சீட்டில் தானாகவே அச்சாகிறது. இதனால் எழுத்துப் பிழை குறைந்தது, நேரமும் மிச்சமாயிற்று. ஆனால், எண் கடந்து செல்லும் வழியைக் காக்கும் பொறுப்பு புதிதாக ஏற்பட்டிருக்கிறது.

அவ்வழியின் நடுவே நிற்பது சீரியல் டிவைஸ் சர்வர் என்னும் கைக்கடக்கமான பெட்டி. அதை வாங்கி வைப்போர் பெரும்பாலும், எண் கம்ப்யூட்டரில் தெரிந்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். அப்பெட்டியில் எத்தனை வாயில்கள் திறந்திருக்கின்றன, அவற்றின் வழியே யார் நுழையக்கூடும் என்பதை விசாரிப்பவர் சிலரே. நிலமுடையோரில் ஆலையும் கிடங்கும் நடத்துவோர் உளர். கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தில் அமர்ந்திருப்போரும் உளர். எடையைப் பற்றித் தகராறு நேர்ந்தால் கிராம அதிகாரிகளிடமே முதலில் முறையிடப்படுகிறது. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பிரயோஜனமுடையது.

கருவியின் தன்மை

எடைகாட்டி பெரும்பாலும் ஆர்.எஸ்.-232 என்னும் முறையில் எண்களை அனுப்புகிறது. இம்முறை 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இதற்கான கம்பியை 50 அடிக்கு, அதாவது சுமார் 15 மீட்டருக்கு மேல் நீட்டாமலிருப்பது வழக்கம். ஆர்.எஸ்.-485 என்பது 1983-ல் ஏற்பட்ட மற்றொரு முறை. இதில் கம்பி சுமார் 4,000 அடி வரை செல்லும். ஒரே ஜோடிக் கம்பியில் சாதாரணமாக 32 கருவிகளை இணைக்கலாம். குளிர்சாதனக் கிடங்கின் உஷ்ணமானிகளும், பம்பு அறையின் மின் மீட்டர்களும் பெரும்பாலும் இவ்வகையின.

ஆபீஸ் 15 மீட்டருக்கு அப்பால் இருக்குமாயின், அல்லது ஒரே எடையை இரண்டு கம்ப்யூட்டர்கள் காணவேண்டுமாயின், சீரியல் கம்பி மட்டும் போதாது. டிவைஸ் சர்வரின் ஒரு பக்கத்தில் எடைகாட்டியின் சீரியல் கம்பியையும், மறு பக்கத்தில் நெட்வொர்க் கம்பியையும் செருகவேண்டும். எடைகாட்டி சொல்லுவதை அது அப்படியே வாங்கி, நெட்வொர்க்கில் கேட்பவருக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து வருவதையும் அப்படியே எடைகாட்டியிடம் சேர்க்கிறது. பின்னர்க் கூறிய காரியமே கவனத்துக்குரியது. பல எடைகாட்டிகள், பூஜ்யம் வைக்கும்படியும் வெற்று எடையைக் கழிக்கும்படியும் சீரியல் கம்பியில் வரும் ஆணைகளை ஏற்று நடப்பவை. ஆகையால் இப்பெட்டியுடன் பேசக்கூடியவர், எடைகாட்டியின் பொத்தானில் விரல் வைத்தவரையே ஒப்பர்.

போர்ட் எண் என்பது யாது

பெரிய ஏரிக்குப் பல மதகுகள் உண்டு. ஏரியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இன்ன எண்ணுள்ள மதகு என்று சொன்னால்தான் தண்ணீர் எந்த வயலுக்குப் பாயும் என்பது விளங்கும். நெட்வொர்க்கில் ஐ.பி. விலாசம் ஏரியின் பெயர் போன்றது. போர்ட் எண் மதகின் எண் போன்றது. ஒரே விலாசத்தில் பல சேவைகள் நடைபெறலாம். ஒவ்வொரு சேவையும் தனக்குரிய எண்ணில் காத்திருக்கும்.

இவ்வெண்கள் 0 முதல் 65,535 வரை உள்ளன. 0 முதல் 1,023 வரை உள்ளவை எங்கும் அறியப்பட்ட பொதுச் சேவைகளுக்கு உரியவை. 1,024 முதல் 49,151 வரை உள்ளவை பதிவு செய்துகொள்ளத் தக்கவை. 49,152 முதல் மேற்பட்டவை தற்காலிக உபயோகத்துக்கு விடப்பட்டவை. இவற்றின் பதிவேட்டை உலக முழுமைக்கும் பராமரிப்பது ஐயானா என்னும் ஸ்தாபனம்.

டி.சி.பி., யு.டி.பி. என இரண்டு போக்குவரத்து முறைகள் உள்ளன; இரண்டுக்கும் போர்ட் எண்கள் தனித்தனியே உண்டு. டி.சி.பி. ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைக்கும் தபாலைப் போன்றது. வழியில் தவறியதை மறுபடியும் அனுப்பும். யு.டி.பி. ரசீதில்லாத கார்டைப் போன்றது. பணத்தைப் பற்றிய எடை எண்ணுக்கு டி.சி.பி.யே தக்கது.

இங்கே ஒரு சொல் மயக்கத்தை நீக்கவேண்டும். பெட்டியில் கம்பி செருகும் துவாரத்தையும் போர்ட் என்பர். மேற்கூறிய எண்ணையும் போர்ட் என்பர். இக்கட்டுரையில் முன்னதைச் சீரியல் முனை என்றும், பின்னதைப் போர்ட் எண் என்றும் குறித்திருக்கிறோம்.

பெட்டியில் உள்ள சேவைகள்

ஆலையிலிருந்து வரும்போதே பெரும்பாலான பெட்டிகளில் பல சேவைகள் திறந்தே இருக்கும். அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. அமைப்புப் பக்கம்: எச்.டி.டி.பி. முறையில் டி.சி.பி. 80, மறைபொருளாகச் செல்லும் எச்.டி.டி.பி.எஸ். முறையில் 443.

2. டெல்நெட்: டி.சி.பி. 23. இதில் கடவுச்சொல் உள்பட யாவும் வெளிப்படையாகச் செல்லும். லான்ட்ரானிக்ஸ் கருவிகள் பலவற்றில் அமைப்புக்கான டெல்நெட் 9999-ல் இருக்கும்.

3. எஸ்.என்.எம்.பி.: யு.டி.பி. 161. கருவியின் நிலையைத் தூரத்திலிருந்து விசாரிக்கும் சேவை. "பப்ளிக்" என்னும் யாவரும் அறிந்த சொல்லே இதற்குச் சாவியாக விடப்பட்டிருப்பது மிகுதி.

4. தேடும் சேவை: நெட்வொர்க்கில் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுவது. மோக்ஸாவில் யு.டி.பி. 4800, லான்ட்ரானிக்ஸில் 30718, டிஜியில் 2362.

5. தரவுச் சேவை: எடை எண் செல்லும் வழி இதுவே. மோக்ஸா என்போர்ட் கருவிகளில் முதற் சீரியல் முனைக்கு டி.சி.பி. 4001, இரண்டாவதற்கு 4002 என்று வரிசையாக வரும். லான்ட்ரானிக்ஸில் முதல் முனைக்கு 10001, டிஜியில் 2101.

6. மோட்பஸ்: டி.சி.பி. 502. மின் மீட்டர், உஷ்ணமானி முதலியவற்றுக்கு மோட்பஸ் வாயிலாகப் பணிபுரியும் பெட்டிகளில் மட்டும் இது உண்டு.

இவற்றுள் நமக்கு அன்றாடம் வேண்டியது ஐந்தாவதாகக் கூறிய ஒன்றே. மற்றவை அமைக்கும் நாளில் மட்டும் தேவைப்படுபவை.

பழைய எடை புரோகிராம்கள் சில, காம்-1, காம்-2 என்று கம்ப்யூட்டரின் சீரியல் முனையை மட்டுமே அறியும். அவற்றுக்காகக் கருவியைச் செய்தவர் கொடுக்கும் டிரைவரை நிறுவினால், நெட்வொர்க் வழியாகவே ஒரு கற்பனைக் காம் முனை உண்டாகும். இம்முறையில் மோக்ஸா கருவியின் முதல் முனை, தரவுக்கு 950, ஆணைக்கு 966 என இரண்டு எண்களை உபயோகிக்கிறது. காவல் விதியில் ஒன்றை மட்டும் அனுமதித்து மற்றொன்றை மறந்தால் இணைப்பு சரிவர நடவாது. இதே காரியத்துக்குப் பொதுவாக வகுக்கப்பட்டது 1997-ல் வெளிவந்த ஆர்.எப்.சி. 2217 என்னும் முறை.

அமைக்கும் முறை

பின்வரும் வரிசையை மாற்றாமல் அனுசரிப்பது நலம்.

முதலாவது: பெட்டியைப் பொது நெட்வொர்க்கில் செருகுமுன், ஒரே கம்ப்யூட்டருடன் தனியே இணைக்கவேண்டும். அங்கேயே கடவுச்சொல்லை மாற்றவேண்டும். பழைய கருவிகள் சிலவற்றுக்கு ஆரம்பத்தில் கடவுச்சொல்லே இராது. செய்தவர் வெளியிட்டுள்ள புதிய பர்ம்வேர் இருந்தால் அதையும் அப்பொழுதே ஏற்றிவிடவேண்டும்.

இரண்டாவது: ஐ.பி. விலாசத்தை நிலையானதாக வைக்கவேண்டும். டி.எச்.சி.பி. மூலம் விலாசம் அவ்வப்போது மாறினால், ஆபீஸ் கம்ப்யூட்டர் பழைய விலாசத்தில் தேடி ஏமாறும். ரவுட்டர் பிறருக்குப் பங்கிடும் விலாச வரிசைக்குப் புறம்பான ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டும்.

மூன்றாவது: சீரியல் முனையின் வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய நான்கும் எடைகாட்டியில் உள்ளபடியே இருக்கவேண்டும். 9600, 8, பாரிட்டி இல்லை, 1 என்பது மிகுதியாகக் காணப்படும் அமைப்பு. ஆயினும் எடைகாட்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தே எழுதுக.

நான்காவது: பணிமுறையைத் தீர்மானிக்கவேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் அழைக்கப் பெட்டி காத்திருப்பது டி.சி.பி. சர்வர் முறை. பெட்டியே குறிப்பிட்ட கம்ப்யூட்டரை அழைப்பது டி.சி.பி. கிளையண்ட் முறை. முன்னதில் பெட்டியின் சொந்தப் போர்ட் எண்ணைக் குறிக்கவேண்டும். பின்னதில் எதிரிலுள்ள கம்ப்யூட்டரின் விலாசத்தையும் அது காத்திருக்கும் எண்ணையும் குறிக்கவேண்டும். ஓர் எடைமேடைக்கும் ஓர் ஆபீசுக்கும் முன்னதே எளிது.

ஐந்தாவது: தரவுச் சேவைக்குப் போர்ட் எண் கொடுக்கவேண்டும். செய்தவர் கொடுத்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதாயின் 1,024-க்கு மேற்பட்டதாகவும், அப்பெட்டியில் வேறு சேவைக்கு உபயோகப்படாததாகவும் இருக்கவேண்டும். தரவுக்கு 80 என்று கொடுத்தால் அமைப்புப் பக்கத்துடன் மோதும். இரண்டு சீரியல் முனைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கலாகாது. எடை புரோகிராமிலும் அதே எண்ணை எழுதவேண்டும்.

ஆறாவது: நுழையத் தக்க விலாசங்களின் ஜாபிதாவை எழுதவேண்டும். எடைச் சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டர், மேற்பார்வைக் கம்ப்யூட்டர் ஆகிய இரண்டு விலாசங்கள் பெரும்பாலும் போதும். அமைப்பவர் தம்முடைய கம்ப்யூட்டரின் விலாசத்தை முதலில் எழுதவேண்டும். மறந்தால் தாமே வெளியே நிற்க நேரிடும்.

ஏழாவது: வேண்டாத சேவைகளை இறுதியில் மூடவேண்டும். டெல்நெட், எஸ்.என்.எம்.பி. இரண்டையும் நிறுத்துக. எச்.டி.டி.பி.எஸ். உள்ள கருவியில் எச்.டி.டி.பி.யை நிறுத்துக. அமைப்புக்கான வழி ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இதைச் செய்க. பின்னர்ச் சேமித்து, கருவியை மறுபடியும் தொடங்கவேண்டும். பல கருவிகளில் அதுவரையில் மாற்றங்கள் அமுலுக்கு வாரா.

மின்சாரம் நின்று வரும்போது

கிராமாந்தரங்களில் அதிகத் தொல்லை கொடுப்பது இந்த அம்சமே. பல பெட்டிகள் ஒரு சமயத்தில் ஒரே இணைப்பை மட்டும் ஏற்பதாக அமைந்து வருகின்றன. ஆபீசில் மின்சாரம் நின்று கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால், விடைபெற்றுக்கொள்ளாமல் போய்விடுகிறது. எடைமேடை அறையில் பாட்டரியால் இயங்கும் பெட்டியோ, அது இன்னும் இணைந்திருப்பதாகவே நினைத்திருக்கும். கம்ப்யூட்டர் திரும்பவும் வந்து அழைத்தால் இடமில்லை என்று மறுக்கப்படும். வெளியே வண்டிகள் வரிசையாக நிற்க, கம்பி கெட்டுவிட்டதென்று எண்ணி அதைப் பிடுங்கிப் பார்ப்பவர் அநேகர்.

இதற்குப் பரிகாரம், எதிரிலுள்ளவர் உயிருடன் இருக்கிறாரா என்று சோதிக்கும் டி.சி.பி. அலைவ் செக் என்னும் காலவரையறை. மோக்ஸா என்போர்ட் கருவிகளில் இது 7 நிமிஷம் என்று வைக்கப்பட்டு வருகிறது. இதை 1 நிமிஷமாகக் குறைத்தால் வண்டிகள் காத்திருக்கும் நேரம் குறையும். 0 என்று வைத்தால் சோதனையே நிகழாது. பெட்டியை அணைத்துப் போடும் வரையில் பழைய இணைப்பு வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தகாதது, வேலையின்றி இருக்கும் இணைப்பை அறுக்கும் காலவரையறை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே எடைகாட்டி மௌனமாயிருக்கும் வகையாயின், இதைக் குறுகியதாக வைத்தால் இணைப்பு அடிக்கடி அறுபடும். அத்தகைய இடத்தில் இதை நிறுத்திவைப்பதே தக்கது.

இணைப்புகளின் எண்ணிக்கையை இரண்டு, மூன்று என உயர்த்தவும் பல கருவிகளில் இடமுண்டு. மேற்பார்வைக் கம்ப்யூட்டர் எடையைக் காணவேண்டுமாயின் இது உதவும். ஆயினும் அனுமதி பெற்ற ஒவ்வொன்றும் எடைகாட்டிக்கு ஆணையிடவும் கூடும் என்பதை மறக்கலாகாது.

காவல்

தரவுச் சேவைக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் கிடையாது. விலாசமும் எண்ணும் அறிந்தவர் நேரே எடைகாட்டியை அடைந்துவிடுவார். அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் வைத்ததனாலேயே தரவு வழியும் காக்கப்பட்டதென்று நினைப்பது பெருந்தவறு. 4001-ஐ 47311 என்று மாற்றிவிட்டால் ஒருவரும் கண்டுபிடியார் என்பதும் அத்தகையதே. மொத்தம் இருப்பவை 65,535 எண்களே. அவை யாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் எவருக்கும் கிடைக்கின்றன. அனுமதி ஜாபிதாவும், உட்புற நெட்வொர்க்கைத் தனியே வைத்தலுமே மெய்யான காவல். வருவோர் போவோர் உபயோகிக்கும் வைபையில் எடைமேடையின் பெட்டியைச் சேர்க்கலாகாது.

வீட்டிலிருந்தபடியே எடையைப் பார்க்கவேண்டும் என்னும் ஆசையால், ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் வைத்து, தரவு எண்ணை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவோர் உண்டு. இது ஏரி மதகைத் திறந்துவிட்டு ஊருக்குப் போவதைப் போன்றது. தூரத்திலிருந்து பார்க்கவேண்டியது அவசியமாயின் வி.பி.என். வழியாகவே வரவேண்டும். காவல் விதி எழுதும்போது அழைக்கப்படும் எண்ணையே குறிக்கவேண்டும்; அழைக்கும் கம்ப்யூட்டரின் எண் ஒவ்வொரு முறையும் மாறிவரும்.

இவ்வபாயம் வெறும் கற்பனை அன்று. 2013-ல் ரேபிட்7 என்னும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவர் வெளியிட்ட பரிசீலனையில், இத்தகைய சீரியல் சர்வர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை இன்டர்நெட்டில் வெளிப்படையாகக் காணப்பட்டன. பெரும்பாலானவை மொபைல் இணைப்பின் மூலம் இயங்கியவை.

2015 டிசம்பர் 23-ந் தேதி உக்ரைன் தேசத்தில் மூன்று பிராந்திய மின் விநியோகக் கம்பெனிகள் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர். தாக்கியவர்கள் சுவிட்சுகளைத் திறந்ததோடு நில்லாமல், துணை மின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் பெட்டிகளின் பர்ம்வேரையும் கெடுத்துவிட்டனர். அதனால் தூரத்திலிருந்து சுவிட்சுகளை மூட வழியின்றி, ஊழியர்கள் நேரில் சென்று கையால் இயக்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. கெட்ட பெட்டிகளோ சரிப்படுத்த இயலாதவையாயின. எடைமேடை சிறியது, ஆயினும் அங்கே கெட்டதும் இங்கே இருப்பதும் ஒரே ஜாதிக் கருவிகள்.

நம் நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி எடைக் கருவிகள் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. அம்முத்திரை கருவியின் அளவமைப்பை எவரும் தொடாதபடி காப்பது. கம்பி வழியே வரும் ஆணைக்கும், கம்ப்யூட்டரில் அச்சாகும் சீட்டுக்கும் அது காவல் அன்று. அவ்விடத்தைக் காக்கவேண்டியவர் எடைமேடையின் உடையவரே.

மற்றொன்று: பெட்டியில் உள்ள ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும், மூடிய சேவைகள் மறுபடியும் திறந்துகொள்ளும். ஆகையால் பெட்டியைப் பூட்டுள்ள அலமாரியில் வைக்கவேண்டும்.

பரீட்சை

அமைத்த பின், எடை தெரிந்த பொருளை மேடையில் வைத்து, எடைகாட்டியின் எண்ணும் சீட்டின் எண்ணும் ஒன்றாயிருப்பதைப் பார்க்கவேண்டும். பிறகு, ஜாபிதாவில் இல்லாத ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தரவு எண்ணையும், 23, 80 முதலிய எண்களையும் அழைத்துப் பார்க்கவேண்டும். ஒன்றும் திறக்கலாகாது. இணைப்புக் கிடையாவிட்டால் குற்றம் எங்கே என்பதைப் பின்வருமாறு அறியலாம்:

உடனே மறுக்கப்பட்டால்: விலாசம் சரி, பெட்டியும் இயங்குகிறது, ஆனால் அவ்வெண்ணில் சேவை இல்லை, அல்லது வேறொருவர் இடத்தைப் பிடித்திருக்கிறார்.

பதிலே இன்றி நேரம் கடந்தால்: விலாசம் தவறு, அல்லது நெட்வொர்க் கம்பி அறுந்தது, அல்லது நடுவில் காவல் விதி தடுக்கிறது.

இணைப்புக் கிடைத்து எண் வாராவிட்டால்: சீரியல் கம்பியையும், எடைகாட்டி தானாக அனுப்புகிறதா, கேட்டால்தான் அனுப்புகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

பொருளற்ற எழுத்துக்கள் வந்தால்: வேகமோ பாரிட்டியோ பொருந்தவில்லை.

பதிவேடு

நிலத்துக்கு அடங்கலும் சிட்டாவும் இருப்பதுபோல, இக்கருவிக்கும் ஒரு பக்கம் எழுதிவைக்கவேண்டும். அதில் கருவியின் மாதிரியும் வரிசை எண்ணும், ஐ.பி. விலாசம், சீரியல் அமைப்பு, திறந்துள்ள ஒவ்வொரு சேவையும் அதன் போர்ட் எண்ணும், அனுமதி பெற்ற விலாசங்கள், காலவரையறைகள், அமைத்தவர் பெயர், தேதி ஆகியவை இருக்கவேண்டும். கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதாமல், மூடி ஒட்டிய உறையில் பொறுப்பாளரிடம் வைக்கவேண்டும். அமைப்பு முழுவதையும் பைலாக எடுத்து வேறிடத்தில் சேமித்தால், பெட்டி கெட்டபோது புதிய பெட்டியைச் சீக்கிரத்தில் ஆயத்தப்படுத்தலாம். மாற்றம் செய்யும்தோறும் தேதியிட்டு எழுதவேண்டும். ஒவ்வொரு போகத்துக் கொள்முதலுக்கு முன்னும் மேற்கூறிய பரீட்சையை ஒரு முறை நடத்துவது உசிதம்.

எடை போட வரும் குடியானவரும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். வெறுமையான மேடையில் எடைகாட்டி பூஜ்யம் காட்டுகிறதா என்று வண்டி ஏறுமுன் பார்க்கவேண்டும். வண்டி ஏறி எண் நிலைத்தபின், எடைகாட்டியில் கண்டதையும் சீட்டில் அச்சானதையும் ஒப்பிடவேண்டும். வேறுபாடு காணின், அவ்விடத்திலேயே கேட்டு மறு எடை போடச் சொல்லுவது அவருடைய உரிமை. ஆலை, கிடங்கு உடையவர்களோ, தங்கள் பெட்டியில் திறந்துள்ள வாயில்கள் எவை, எவருக்காகத் திறந்தவை என்னும் கேள்விக்குப் பதிவேட்டைப் பார்த்து உடனே விடையளிக்கக் கூடியவர்களாக இருத்தல் வேண்டும். விடை கிடைக்காத வாயிலை அன்றைக்கே மூடிவிடுதல் நலம்.